எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சைத் திருப்பலாமா? படகின் மின்சுற்றைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல எஞ்சின் படகுகளில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கானது. மற்றொன்று விளக்கு, ரேடியோ, பம்ப், ஜிபிஎஸ் போன்றவற்றுக்கானது. முன்னதைத் தொடக்கப் பேட்டரி என்றும் பின்னதைப் பயன்பாட்டுப் பேட்டரி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இவற்றுள் எது வேலை செய்ய வேண்டும் என்பதை ‘ஆஃப், 1, இரண்டும், 2’ என நான்கு நிலைகள் கொண்ட ஒரு வட்டச் சுவிட்ச் தீர்மானிக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தச் சுவிட்சைத் திருப்புவது தொடர்பாகப் படகு வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. எண்கள் அனைத்தும் 12 வோல்ட் அமைப்புக்கு உரியவை.

எஞ்சின் ஓடும்போது சுவிட்சைத் திருப்பினால் என்ன ஆகும்?

திருப்பும் வழியில் ‘ஆஃப்’ நிலையைத் தொட்டீர்களா என்பதைப் பொறுத்தது. எஞ்சினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்பும் கருவியான ஆல்டர்நேட்டருடன் ஏதேனும் ஒரு பேட்டரி எப்போதும் இணைந்தே இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆல்டர்நேட்டர் மின்சாரம் தந்துகொண்டிருக்கும் வேளையில் இரண்டு பேட்டரிகளும் ஒரு கணம் விலகிவிட்டால், ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்புகள்) உடையலாம்; அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் ரேடியோவும் ஜிபிஎஸ்ஸும் மீன்காட்டும் கருவியும் கூடவே போகலாம்.

கண்ணிமைக்கும் நேரத் துண்டிப்பு எப்படி இவ்வளவு சேதத்தை உண்டாக்குகிறது?

ஆல்டர்நேட்டரின் நடுவே சுழலும் ரோட்டரில் ஒரு சுருள் உண்டு. அதற்கு ஃபீல்டு சுருள் என்று பெயர். அதில் பாயும் சில ஆம்பியர் மின்னோட்டம்தான் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் சுழலச் சுழல, வெளியே உள்ள ஸ்டேட்டர் சுருள்களில் பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டம் பிறக்கிறது. வெளியீட்டு மின்னழுத்தத்தை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்படுத்துவது ஃபீல்டு மின்னோட்டத்தை மட்டுமே. ஆனால் சுருளில் ஏறிய மின்னோட்டம் நினைத்தவுடன் இறங்கிவிடாது. காந்தப்புலம் வடிய நேரம் எடுக்கும். அது வடியும் வரை ஆல்டர்நேட்டர், தான் தந்துகொண்டிருந்த அதே ஆம்பியரை எங்கேயாவது தள்ளிவிடவே முயலும்.

பேட்டரி இணைந்திருக்கும்போது அந்த மின்னோட்டத்தை அது விழுங்கிக்கொள்கிறது. பேட்டரியின் உள்மின்தடை மிகச் சிறியது என்பதால் மின்னழுத்தமும் 14 வோல்ட் அளவிலேயே நிற்கிறது. பேட்டரி விலகியதும் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆல்டர்நேட்டர் 50 ஆம்பியர் தந்துகொண்டிருக்கிறது. சுற்றில் மிஞ்சியிருப்பது 5 ஆம்பியர் இழுக்கும் சில கருவிகள் மட்டுமே. 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் அவற்றின் மின்தடை 2.4 ஓம். 50 ஆம்பியரை 2.4 ஓம் வழியே தள்ள 120 வோல்ட் வேண்டும். உண்மையில் கருவிகள் எல்லாம் எளிய மின்தடைகள் அல்ல என்பதால் எண் கூடும் அல்லது குறையும். ஆனால் ஆபத்தின் அளவு இதுதான்.

மின்பணியாளர்கள் இதை ‘லோடு டம்ப்’ என்பார்கள். சாலை வாகனங்களின் மின்கருவிகளைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை, பாதுகாப்பு ஏதும் இல்லாத 12 வோல்ட் ஆல்டர்நேட்டருக்கு இந்த மின்னழுத்த எழுச்சியை 79 முதல் 101 வோல்ட் என்றும், அது நீடிக்கும் நேரத்தை 40 முதல் 400 மில்லி விநாடி என்றும் எடுத்துக்கொள்கிறது. சாதாரண மின்பொறி மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும். இதுவோ அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நீண்டது. அதனால்தான் கருவிகளுக்குள் இருக்கும் சிறிய பாதுகாப்பு உறுப்புகளால் இதைத் தாங்க முடிவதில்லை.

கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. எழுச்சியின் உயரம், துண்டிக்கும் கணத்தில் ஆல்டர்நேட்டர் எத்தனை ஆம்பியர் தந்துகொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களுக்குள், வற்றிய பேட்டரியை அது முழு மூச்சுடன் நிரப்பிக்கொண்டிருக்கும்போது துண்டிப்பதே மிகவும் கெடுதல். இரண்டு மணி நேரம் ஓடி, பேட்டரி நிரம்பி, மின்னோட்டம் 5 ஆம்பியருக்கு இறங்கிய பிறகு அதே தவறைச் செய்தவர் தப்பித்திருப்பார். “நான் பல வருடங்களாக இப்படித்தான் திருப்புகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

ரெகுலேட்டர் இருக்கிறதே, அது உடனே தடுத்துவிடாதா?

ரெகுலேட்டர் விரைவாகவே உணர்கிறது; ஆனால் அதனால் ஃபீல்டு சுருளுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்த முடியுமே தவிர, ஏற்கெனவே உள்ள காந்தப்புலத்தை அழித்துவிட முடியாது.

இதைவிட மோசமான ஒரு நிலையும் உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. சில ரெகுலேட்டர்கள் மின்னழுத்தத்தை ஆல்டர்நேட்டரின் முனையில் அளக்காமல், சென்ஸ் ஒயர் எனப்படும் தனி ஒயர் மூலம் பேட்டரி முனையிலேயே அளக்கின்றன. கேபிளில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய இது நல்ல முறைதான். ஆனால் அந்த ஒயர் சுவிட்சுக்கு அப்பால் உள்ள பேட்டரியில் இணைந்திருந்து, சுவிட்ச் அந்தப் பேட்டரியை விலக்கிவிட்டால், ரெகுலேட்டர் பார்ப்பது ஏறவே ஏறாத 12.5 வோல்ட்டைத்தான். மின்னழுத்தம் போதவில்லை என்று கருதி அது ஃபீல்டைத் தொடர்ந்து முழுமையாக ஊட்டும். இந்த எழுச்சி 400 மில்லி விநாடியில் அடங்காது. எஞ்சின் நிற்கும் வரை அல்லது ஏதாவது எரியும் வரை நீடிக்கும். ஆகவே உங்கள் படகில் சென்ஸ் ஒயர் இருந்தால், ஆல்டர்நேட்டரின் தடித்த கேபிள் எந்தப் பேட்டரியில் போய்ச் சேர்கிறதோ அதே பேட்டரியில்தான் சென்ஸ் ஒயரும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே சுவிட்ச் வரக் கூடாது.

1-இலிருந்து 2-க்கு ‘இரண்டும்’ வழியாகத் திருப்பினால் பாதுகாப்பானதுதானே?

சுவிட்ச் நல்ல நிலையில் இருந்தால், ஆம். தரமான சுவிட்சுகள் பழைய தொடர்பை விடும் முன்பே புதிய தொடர்பைப் பற்றிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும். 1-இலிருந்து ‘இரண்டும்’ நிலைக்கு வரும்போது 2 சேர்கிறது. அங்கிருந்து 2-க்குப் போகும்போதுதான் 1 விலகுகிறது. ஆனால் சுவிட்ச் வட்டமானது என்பதால் 1-இலிருந்து 2-க்கு இன்னொரு வழியும் உண்டு. அது ‘ஆஃப்’ வழியாகச் செல்லும். இருட்டில், அலையில், அவசரத்தில் கை எந்தப் பக்கம் திருப்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், இந்தச் சுவிட்சின் முதன்மையான குறை மின்சாரம் சார்ந்தது அன்று, இந்த வடிவம் சார்ந்தது என்பேன்.

பழைய சுவிட்சுகளில் தாமிரத் தொடர்புகள் தேய்ந்தும் கருகியும் போயிருக்கும். அவற்றில் ‘இரண்டும்’ வழியாகத் திருப்பினாலும் நடுவே ஒரு கணம் எதுவும் இணையாமல் போகலாம்.

என் சுவிட்ச் நடுவில் துண்டிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு பேட்டரிகளும் இணைந்திருக்கையில், ஒரு எல்இடி விளக்கை எரியவிட்டுச் சுவிட்சை 1-இலிருந்து ‘இரண்டும்’ வழியாக 2-க்கு மிக மெதுவாகத் திருப்புங்கள். பிறகு அதே வழியில் திரும்பி வாருங்கள். விளக்கு ஒரு முறை சிமிட்டினாலும் அந்தச் சுவிட்சை மாற்றிவிடுங்கள். பழைய இழை பல்பு இதற்கு உதவாது. சூடான இழை சட்டென்று அணையாததால் குறுகிய துண்டிப்பைக் காட்டாது. மிகக் குறைந்த மின்னழுத்தத்தைப் பதிந்து வைக்கும் வசதி கொண்ட மல்டிமீட்டர் இருந்தால் அதைச் சுவிட்சின் பொது முனையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

நிரம்பிய பேட்டரியையும் வற்றிய பேட்டரியையும் ஓடும்போது இணைப்பது ஆபத்தா?

மின்கருவிகளுக்கு ஆபத்து இல்லை. 12.7 வோல்ட் பேட்டரியும் 11.5 வோல்ட் பேட்டரியும் சேரும்போது வேறுபாடு 1.2 வோல்ட், கேபிள், தொடர்புகள், உள்மின்தடை எல்லாம் சேர்ந்து 15 மில்லி ஓம் என்றால் முதல் கணத்தில் 80 ஆம்பியர் பாயும். பிறகு விரைவில் குறையும். கேபிளும் சுவிட்சும் அதற்கேற்ற தடிமனும் தரமும் கொண்டவையாக இருந்தால் போதும். ஆனால் வற்றிய பெரிய பேட்டரித் தொகுதி திடீரென்று சேரும்போது ஆல்டர்நேட்டர் தன் முழுத் திறனுக்குத் தாவும். பெல்ட் தளர்வாக இருந்தால் கிறீச்சிடும். நீண்ட நேரம் அப்படி ஓடினால் ஆல்டர்நேட்டர் மிகவும் சூடாகும்.

சுவிட்சின் பின்பக்கம் இரண்டு சிறிய முனைகள் இருக்கின்றன. அவை எதற்கு?

சில சுவிட்சுகளில் ஃபீல்டு துண்டிப்புக்கென்று அவை தரப்பட்டிருக்கும். ஃபீல்டு சுருளுக்கான ஒயரை அவற்றின் வழியே கொண்டுசென்றால், கைப்பிடி ‘ஆஃப்’ நிலையை நெருங்கும்போது பெரிய தொடர்புகள் விலகும் முன்பே ஃபீல்டு துண்டிக்கப்படும். ஆல்டர்நேட்டர் முதலில் ஓய்கிறது, பேட்டரி அதன் பிறகே விலகுகிறது.

பல படகுகளில் இந்த முனைகள் ஒயர் ஏதும் இல்லாமல் வெறுமனே இருப்பதைப் பார்க்கலாம். காரணம் எளியது. ரெகுலேட்டர் ஆல்டர்நேட்டருக்கு வெளியே தனியாக இருந்தால் ஃபீல்டு ஒயர் கைக்கு எட்டும். இன்றைய ஆல்டர்நேட்டர்களில் பெரும்பாலானவற்றில் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் அந்த ஒயர் வெளியே வருவதே இல்லை. வெளி ரெகுலேட்டர் உள்ளவர்கள் இந்த முனைகளைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது. ஆனால் கையை வேகமாகச் சுழற்றினால் காந்தப்புலம் வடியப் போதிய நேரம் கிடைக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சுவிட்சைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும், நான் முழு மனதுடன் பரிந்துரைப்பதும் இதையே. சுவிட்சைச் சரியாகத் திருப்பப் பழகுவதைவிட, தவறாகத் திருப்பினாலும் கேடு வராதபடி ஒயரிங்கை மாற்றுவது மேல். படகை எப்போதும் நீங்களே ஓட்டப் போவதில்லை. உடன் வருபவர் நல்லெண்ணத்தில் சுவிட்சை அணைக்கலாம்.

மாற்றம் சிறியதுதான். பழைய முறையில் ஆல்டர்நேட்டரின் மின்சாரம் ஸ்டார்ட்டர் கேபிள் வழியாகச் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து பேட்டரிக்குச் செல்லும். இதற்குப் பதிலாக ஆல்டர்நேட்டரின் வெளியீட்டு முனையிலிருந்து தனிக் கேபிள் ஒன்றை, ஃபியூஸ் வழியாக, நேரே ஒரு பேட்டரியில் இணைத்துவிட வேண்டும். இப்போது சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் ஆல்டர்நேட்டருக்கு ஒரு பேட்டரி உண்டு. மற்றப் பேட்டரியை நிரப்ப, இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை உணர்ந்து தானாக இணையும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைப் பொருத்த வேண்டும். ஆல்டர்நேட்டர் வேலை செய்து மின்னழுத்தம் ஏறத்தாழ 13.3 முதல் 13.7 வோல்ட்டைத் தொடும்போது அது இரண்டையும் இணைக்கும். எஞ்சின் நின்று 12.8 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். ரேடியோவை இரவு முழுவதும் கேட்டாலும் தொடக்கப் பேட்டரி வற்றாது.

எந்தப் பேட்டரியில் நேரே இணைப்பது என்று அடுத்துக் கேட்பார்கள். இரண்டும் ஈய-அமில வகை என்றால் பயன்பாட்டுப் பேட்டரியில் இணைக்கலாம், ஏனெனில் நிரப்ப வேண்டிய பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆக நிறைய மின்சாரம் செலவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியரை 3 விநாடி இழுத்தாலும் செலவாவது 0.17 ஆம்பியர்-மணிதான்; ஒரு சிறிய விளக்கு கால் மணி நேரத்தில் எரிப்பதைவிடப் பெரிதாக அதிகம் இல்லை.

இதோடு வட்டச் சுவிட்சையும் மாற்ற மனமிருந்தால், ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி ஆன்-ஆஃப் சுவிட்சும், அவசரத்தில் இரண்டையும் சேர்க்க மூன்றாவது ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது எப்போதும் ஆஃபில் இருக்கட்டும்.

டயோடு பிரிப்பான் வைத்தால் போதாதா?

ஆல்டர்நேட்டரின் மின்சாரத்தை ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி டயோடு வழியாக அனுப்பும் அந்தக் கருவியும் ஆல்டர்நேட்டரை எந்நேரமும் பேட்டரிகளுடன் இணைத்து வைக்கிறது. ஆனால் சிலிக்கான் டயோடு 0.6 முதல் 0.7 வோல்ட் வரை விழுங்கிவிடும். ரெகுலேட்டர் தன் முனையில் 14.2 வோல்ட் என்று பார்க்கும்போது பேட்டரிக்குக் கிடைப்பது 13.5 வோல்ட்தான், அதில் ஈய-அமிலப் பேட்டரி முழுமையாக நிரம்பாமல், தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும். சென்ஸ் ஒயர் இருந்தால் இதை ஈடுசெய்யலாம். இன்னொரு சிக்கல், சில ஆல்டர்நேட்டர்கள் வேலை தொடங்க வெளியீட்டு முனையில் பேட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்பார்க்கும்; டயோடு அதைத் தடுத்துவிடும். டயோடுக்குப் பதிலாக மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகையைப் பயன்படுத்தும் பிரிப்பான்களில் இழப்பு மிகக் குறைவு.

ஆல்டர்நேட்டரில் எழுச்சி அடக்கி பொருத்திவிட்டால் கவலை இல்லையா?

பொருத்துவது நல்லது. ஆல்டர்நேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அதன் எதிர்முனைக்கும் இடையே குட்டையான ஒயர்களால் இணைக்கப்படும் இந்தக் கருவி, மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் தன் வழியே மின்னோட்டத்தைக் கடத்தி உயரத்தை வெட்டிவிடும். புதிய ஆல்டர்நேட்டர்கள் பலவற்றின் உள்ளே இருக்கும் அவலாஞ்ச் டயோடுகளும் இதே வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கு ஐஎஸ்ஓ சோதனை எடுத்துக்கொள்ளும் உச்சம் 35 வோல்ட். ஆனால் 35 வோல்ட்டும் 16 வோல்ட்டுக்கு மேல் தாங்காத ஒரு ரேடியோவுக்கு மிக அதிகம். அடக்கி தன்னைப் பலிகொடுத்தும் காக்கும். பலியான பிறகு அது வெறும் பெட்டி, வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. சீட் பெல்ட் அணிந்திருக்கிறோம் என்பதற்காக யாரும் சுவரில் மோதுவதில்லை. அடக்கியையும் அந்த இடத்தில்தான் வைக்க வேண்டும்.

பயன்பாட்டுப் பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றியிருக்கிறேன். ஏதாவது வேறுபாடு உண்டா?

பெரிய வேறுபாடு உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குள் பிஎம்எஸ் எனப்படும் காவல் சுற்று இருக்கிறது. ஏதேனும் ஒரு செல் அளவுக்கு மீறி நிரம்பினாலோ, சூடானாலோ, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தாலோ, மின்னோட்டம் எல்லை மீறினாலோ அது பேட்டரியைத் தானாகவே துண்டித்துவிடும். அதாவது, யாரும் சுவிட்சைத் தொடாமலேயே, யாருக்கும் சொல்லாமலேயே, ‘ஆஃப்’ நடந்துவிடுகிறது. அதுவும் ஆல்டர்நேட்டர் நிறைய மின்சாரம் தந்துகொண்டிருக்கும் வேளையில் நடக்கும் வாய்ப்பு அதிகம். ஏனெனில் லித்தியம் பேட்டரி கிட்டத்தட்ட நிரம்பும் வரை கிடைக்கும் ஆம்பியரை எல்லாம் குறையாமல் ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே மேலே சொன்ன அறிவுரையை இங்கே தலைகீழாக்க வேண்டும். ஆல்டர்நேட்டரை ஈய-அமிலத் தொடக்கப் பேட்டரியில் நேரே இணையுங்கள்; அங்கிருந்து டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து மற்றொன்றை நிரப்பும் கருவி) வழியாக லித்தியத்தை நிரப்புங்கள். பிஎம்எஸ் துண்டித்தால் சார்ஜர் வேலையை நிறுத்தும், அவ்வளவுதான். ஆல்டர்நேட்டருக்கு எப்போதும்போல் ஈய-அமிலப் பேட்டரி துணை நிற்கும். சார்ஜர் இழுக்கும் மின்னோட்டத்துக்கு ஓர் எல்லை இருப்பதால் ஆல்டர்நேட்டர் அளவுக்கு மீறிச் சூடாவதும் தடுக்கப்படும்.

அதிகத் திறன் வேண்டி லித்தியத்தில் நேரே நிரப்ப விரும்புபவர்கள், துண்டிக்கும் முன்பு எச்சரிக்கைச் சைகை தரும் பிஎம்எஸ்ஸையும், அந்தச் சைகை கிடைத்ததும் ஃபீல்டை நிறுத்தும் வெளி ரெகுலேட்டரையும் சேர்த்தே வாங்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசாத அமைப்பில் லித்தியத்தை ஆல்டர்நேட்டரோடு நேரே இணைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அவுட்போர்டு எஞ்சினுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். படகின் பின்புறம் வெளியே மாட்டப்படும் இந்த அவுட்போர்டு எஞ்சின்கள் பலவற்றில் ஃபீல்டு சுருளே கிடையாது. ஃப்ளைவீலில் உள்ள நிலைக்காந்தங்கள்தான் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. நிலைக்காந்தத்தை அணைக்க முடியாது என்பதால் பேட்டரி விலகியதும் முழுச் சுமையும், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர் மேல் விழும்; முதலில் கெடுவதும் அதுதான். ஃபீல்டு துண்டிப்பு முனைகள் இங்கே பயன்படா.

சோலார் பலகையும் காற்றாலையும் இருந்தால்?

காற்றாலை சுழலும்போது பேட்டரியை விலக்கக் கூடாது. முதலில் அதன் பிரேக் சுவிட்சைப் போட்டுச் சுழற்சியை அடக்குங்கள். சோலாரில் பலகையை முதலில் துண்டித்து, பேட்டரியைப் பிறகு துண்டிப்பதே முறை. இணைக்கும்போது பேட்டரி முதலில்.

சுவிட்சைத் தொடாமலேயே இந்தச் சேதம் வருமா?

வரும். தளர்ந்த பேட்டரி டெர்மினல் அலையில் ஆடி ஒரு கணம் தொடர்பை விட்டாலும் அது ‘ஆஃப்’ செய்ததற்குச் சமம்தான். இறக்கை வடிவ நட்டுகள் அதிர்வில் தளரும். அவற்றை அறுகோண நட்டும் பூட்டு வாஷரும் கொண்டு மாற்றிவிடுங்கள். பச்சை பூத்த கேபிள் முனைகளை வெட்டி, புதிய லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) பொருத்துங்கள்.

ஆல்டர்நேட்டர் கேபிளில் உள்ள ஃபியூஸ் எரிந்தாலும் அதே கதை. அந்த ஃபியூஸ் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து கேபிளைக் காக்கவே இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் எரியக் கூடாது. ஆல்டர்நேட்டரின் உச்ச வெளியீட்டைவிடக் குறைந்தது கால் பங்காவது கூடுதலாக ஃபியூஸின் அளவு இருக்கட்டும். கேபிள் அந்த ஃபியூஸைவிடக் கூடுதலாகத் தாங்குவதாக இருக்கட்டும். இடம் பேட்டரிக்கு அருகில். ஷார்ட் ஏற்பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவது பேட்டரிதான் என்பதே காரணம்.

எஞ்சின் ஓடும்போது மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால் எப்படிச் செய்வது?

முதலில், உண்மையிலேயே மாற்றியாக வேண்டுமா என்று பாருங்கள். ஓர் எஞ்சினை அரை நிமிடம் நிறுத்தக்கூடிய அமைதியான நீரில் இருந்தால், நிறுத்தி, மாற்றி, மீண்டும் ஸ்டார்ட் செய்வதே சிறந்தது. நிறுத்தினால் மீண்டும் ஸ்டார்ட் ஆகாது என்ற அச்சமோ, பாறைக்கு அருகே இருக்கும் நிலையோ இருந்தால், எஞ்சினை ஐடிலிங் வேகத்துக்கு இறக்குங்கள். ஆல்டர்நேட்டரின் வெளியீடு அதோடு இறங்கும். ஜிபிஎஸ், மீன்காட்டும் கருவி, ரேடியோ போன்ற நுண்கருவிகளை ஒரு நிமிடம் அணைத்துவிடுங்கள். இழை பல்பு விளக்குகள் எரியட்டும். அவை எழுச்சியின் ஒரு பகுதியை ஏற்கும். கைப்பிடியைக் கண்ணால் பார்த்தபடி ‘இரண்டும்’ நிலைக்குக் கொண்டுவந்து, அது நிலையில் பதிந்ததை உணருங்கள். பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடலாம். எஞ்சின் ஓடும் வரை ‘இரண்டும்’ நிலையால் கேடு இல்லை. எஞ்சின் நின்ற பிறகு ஒரே பேட்டரிக்கு மாற்ற மறந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து வற்றும் என்பதே அதிலுள்ள குறை.

தவறுதலாக ‘ஆஃப்’ செய்துவிட்டேன். எஞ்சின் இன்னும் ஓடுகிறது. இப்போது என்ன செய்வது?

சுவிட்சைப் பதற்றத்தில் முன்னும் பின்னும் திருப்பாதீர்கள்; ஒவ்வொரு திருப்பலும் இன்னோர் எழுச்சியாகலாம். இடம் பாதுகாப்பானது என்றால் எஞ்சினை நிறுத்துங்கள். பழைய வகை டீசல் எஞ்சின் சிலவற்றில் நிறுத்தும் சோலனாய்டுக்கே மின்சாரம் தேவை. சாவியால் நிற்காவிட்டால் எஞ்சினில் உள்ள நிறுத்தும் லீவரைக் கையால் இழுக்க வேண்டும். அந்த லீவர் எங்கே இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. மின்னணுக் கட்டுப்பாட்டு எஞ்சின் என்றால் தானாகவே நின்றுவிடவும் கூடும்.

பிறகு சுவிட்சைச் சரியான நிலையில் வைத்து, மீண்டும் ஸ்டார்ட் செய்து, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தது, வேகம் கூட்டியதும் 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்கு ஏறினால் நல்ல அறிகுறி. ஏறாவிட்டால் டயோடோ ரெகுலேட்டரோ போயிருக்கிறது. ஏறினாலும் அதோடு விட்டுவிடாமல் மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றிப் பாருங்கள்; 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு டயோடு செத்திருக்க வாய்ப்பு உண்டு. ஆர்பிஎம் மீட்டர் தாறுமாறாக ஆடுவது, சார்ஜ் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருப்பது, எஞ்சின் நின்று வெகுநேரமாகியும் ஆல்டர்நேட்டர் வெதுவெதுப்பாக இருப்பது ஆகியவையும் டயோடு பழுதின் அடையாளங்களே. கடைசியாகச் சொன்னதில் ஷார்ட் ஆன டயோடு வழியே பேட்டரி இரவெல்லாம் வற்றிக்கொண்டிருக்கும். கிளாம்ப் மீட்டரை ஆல்டர்நேட்டர் கேபிளில் மாட்டினால் அது தெரிந்துவிடும்.

எஞ்சின் அறையில் புகை வந்தால்கூட எஞ்சினை நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். எஞ்சினை நிறுத்த இரண்டு விநாடி போதும் என்றால் நிறுத்திவிட்டு அணையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் உடனே ‘ஆஃப்’ செய்யுங்கள். டயோடுகளை மாற்றிக்கொள்ளலாம். ஆல்டர்நேட்டரை நேரே பேட்டரியில் இணைத்திருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் அந்தக் கேபிளில் மின்சாரம் இருக்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள். பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சினை நிறுத்தியபின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் படகுக்குள் சேரும் நீரை வெளியேற்றும் பம்ப்பும் நின்றுவிடுமே?

தானியங்கிப் பில்ஜ் பம்ப்பைச் சுவிட்சுக்கு முன்பே, தனி ஃபியூஸ் வழியாகப் பேட்டரியில் நேரே இணைக்க வேண்டும். பிறகு முக்கியச் சுவிட்சைத் தயங்காமல் அணைத்துச் செல்லலாம். எஞ்சின் முழுவதும் நின்று, ஆர்பிஎம் மீட்டரின் முள் சுழிக்கு வந்த பிறகே கை சுவிட்சுக்குப் போக வேண்டும். “எஞ்சின் ஓடும்போது திருப்பாதீர்” என்று பெரிய எழுத்தில் எழுதி, கைப்பிடிக்கு மேலே, படகில் புதிதாக ஏறுபவர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.